எச்-சுட்டெண்: ஒரு திறனாய்வு

எச்-சுட்டெண் என்பது ஓர் ஆய்வாளர் எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்னும் இரண்டையும் சேர்த்து ஒரே முழு எண்ணாகத் தரும் அளவு ஆகும். இங்கு மேற்கோள் என்பது, ஒரு கட்டுரையின் இறுதியில் உள்ள சான்றுப் பட்டியலில் இன்னொரு கட்டுரை இடம்பெறுவதைக் குறிக்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005ஆம் ஆண்டு இந்த அளவை முன்மொழிந்தார். இன்று ஆசிரியர் பணி, பதவி உயர்வு, ஆய்வு நிதி, விருது ஆகியவற்றுக்கான விண்ணப்பப் படிவங்கள் பலவற்றில் இந்த எண்ணுக்கென்று ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டுள்ளது. விண்ணப்பித்தவர் எழுதிய ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காமல் அவரைப் பற்றி முடிவு செய்துவிட அந்தக் கட்டம் வசதி செய்து தருகிறது. இந்த அளவின் மீது வைக்கப்படும் குறைகளில் முதன்மையானது இதுவே.

கணக்கிடும் முறை

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை, மிகுதியான மேற்கோள் பெற்றதில் தொடங்கி இறங்கு வரிசையில் அடுக்கி, 1, 2, 3 என்று வரிசை எண் இட வேண்டும். மேற்கோள் எண்ணிக்கை தன் வரிசை எண்ணுக்குக் குறையாமல் இருக்கும் கடைசிக் கட்டுரை எதுவோ, அதன் வரிசை எண்ணே எச்-சுட்டெண் ஆகும்.

ஒருவரின் பத்துக் கட்டுரைகள் முறையே 45, 30, 12, 9, 6, 5, 3, 1, 0, 0 மேற்கோள்களைப் பெற்றுள்ளதாகக் கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள்கள். இது 5-க்குக் குறையவில்லை. ஆறாவது கட்டுரைக்கு 5 மேற்கோள்களே உள்ளன. இது 6-க்குக் குறைவு. ஆகவே அவருடைய எச்-சுட்டெண் 5. இவருக்கு மொத்தம் 111 மேற்கோள்கள். மொத்தமே ஐந்து கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மேற்கோள் வீதம் 25 மட்டும் பெற்ற இன்னொருவருக்கும் எச்-சுட்டெண் 5 தான். ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது 2000 முறை மேற்கோள் காட்டப்பட்ட மூன்றாமவருக்கோ எச்-சுட்டெண் 1. மாணவர்கள் இந்த மூன்று கணக்குகளையும் ஒருமுறை தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது. இந்த எண் எதைப் பிடிக்கிறது, எதை நழுவ விடுகிறது என்பதில் பாதி அதிலேயே விளங்கிவிடும்.

ஹிர்ஷின் நோக்கம் நியாயமானது. கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், பயனற்ற கட்டுரைகளை எழுதிக் குவிப்பவர் முன்னுக்கு வருவார். மொத்த மேற்கோள்களை மட்டும் பார்த்தால், பலரோடு சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை பெயர் பெற்றதாலேயே ஒருவர் உயர்ந்துவிடுவார். இரண்டு பக்கமும் சாயாத ஓர் அளவை அவர் தேடினார். இயற்பியல் துறையில் இணைப் பேராசிரியராக நிலைபெற 12, முழுப் பேராசிரியராக 18 என்பது பொருத்தமாக இருக்கலாம் என்று அவர் எடுத்துக்காட்டினார். அப்போது இயற்பியலாளர்களில் எட்வர்ட் விட்டனுக்கு 110 இருந்தது. ஒற்றை எண் ஒருவரின் பன்முகப் பணியைத் தோராயமாகவே காட்டும் என்றும், துறைக்குத் துறை அளவு மாறும் என்றும் அந்தக் கட்டுரையிலேயே அவர் எச்சரித்திருந்தார். எண் உலகெங்கும் பரவியது. எச்சரிக்கை அந்த அளவுக்குப் பரவவில்லை.

இந்த எண் ஒருபோதும் குறையாது. எழுதுவதை நிறுத்தியவருக்கும், காலமானவருக்கும்கூட அது ஏறலாம். ஆகவே வயது கூடியவருக்கு இது இயல்பாகவே சாதகமானது. இதைச் சரிசெய்ய, ஆய்வு தொடங்கிய ஆண்டிலிருந்து கழிந்த ஆண்டுகளால் வகுக்கும் முறையை ஹிர்ஷே சொன்னார். லியோ எக்கே 2006இல் ஜி-சுட்டெண்ணையும், கூகுள் ஸ்காலர் 2011இல் ஐ10-சுட்டெண்ணையும் கொண்டுவந்தனர். முன்னது அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைகளுக்குக் கூடுதல் எடை தருகிறது. பின்னது பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகளை எண்ணுகிறது. இவை எல்லாம் ஒரே மூலப்பொருளைக் கொண்டு செய்த வெவ்வேறு பண்டங்கள். மூலப்பொருளான மேற்கோளைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

மேற்கோளை எண்ணும் வழக்கம் வந்த வழி

இந்த வழக்கத்தின் வேர் நூலகத்திலும் நீதிமன்றத்திலும் உள்ளது. அமெரிக்காவில் 1873ஆம் ஆண்டு பிராங்க் ஷெப்பர்டு, ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, ஏற்றன, மறுத்தன என்று காட்டும் சட்டச் சுட்டியை வெளியிடத் தொடங்கினார். மறுக்கப்பட்ட தீர்ப்பை நம்பி வழக்காடக் கூடாது என்பதால் வழக்கறிஞர்களுக்கு அது இன்றியமையாததாக இருந்தது. 1927இல் கிராஸ், கிராஸ் என்னும் இருவர், ஒரு சிறிய கல்லூரி நூலகம் எந்த வேதியியல் இதழ்களை வாங்க வேண்டும் என்று அறிய, அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழில் இடம்பெற்ற மேற்கோள்களை எண்ணினர். இருக்கும் பணத்தில் எதை வாங்குவது என்பதற்கு மேல் அந்த எண்ணிக்கைக்கு வேறு நோக்கம் இல்லை.

நூலகப் பணிக்குப் புள்ளியியலைப் பயன்படுத்தும் எண்ணத்தில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய சீ. இரா. அரங்கநாதன், 1948இல் இங்கிலாந்தில் நடந்த நூலகர் மாநாடு ஒன்றில் ‘லைப்ராமெட்ரி’ என்னும் துறைப்பெயரை முன்வைத்தார். நூலக அளவியல் என்று அதைச் சொல்லலாம். புத்தகங்களும் வாசகர்களும் சந்திப்பதை எளிதாக்குவதே அவர் கருதிய அளவையின் பயன்.

யூஜின் கார்ஃபீல்டு, ஷெப்பர்டின் சட்டச் சுட்டியை முன்மாதிரியாகக் கொண்டு, அறிவியல் கட்டுரைகளுக்கும் அப்படி ஒரு சுட்டி வேண்டும் என்று 1955இல் எழுதினார். ஒரு பழைய கட்டுரையைப் பின்னர் யார் யார் குறைகூறினர் என்பதை ஆய்வாளர் உடனே அறிந்துகொள்ள வேண்டும். பிழையான தரவுகளை ஆராயாமல் எடுத்தாளும் போக்கு அதனால் குறையும் என்பது அவர் கூறிய முதன்மைக் காரணங்களுள் ஒன்று. 1960களில் பிலடெல்பியாவிலிருந்த அவரது நிறுவனம் அறிவியல் மேற்கோள் சுட்டியை வெளியிடத் தொடங்கியது. தேடுவதற்கும் சரிபார்ப்பதற்கும் செய்த கருவி, வெகு விரைவில் எடைபோடும் தராசாகப் பயன்படலாயிற்று.

அந்தத் தராசில் முதலில் ஏறியவை இதழ்கள். சுட்டியில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று தெரிவு செய்வதற்காகக் கார்ஃபீல்டும் இர்விங் ஷெரும் ‘தாக்கக் காரணி’ என்னும் அளவை உருவாக்கினர். ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் 200 கட்டுரைகள் வெளியிட்டு, அவை இந்த ஆண்டில் 500 மேற்கோள்கள் பெற்றால் அதன் தாக்கக் காரணி 2.5. இது சராசரி. சராசரியின் குணம் எல்லாருக்கும் தெரிந்ததே: வகுப்பில் ஒருவன் நூறு எடுத்து மற்றவர்கள் தோற்றாலும் வகுப்புச் சராசரி சற்று உயர்ந்தே தெரியும். ‘ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா – பிரிவு ஏ’ என்னும் படிகவியல் இதழுக்கு 2008இல் தாக்கக் காரணி 2.051. அடுத்த ஆண்டு அது 49.926 ஆயிற்று. இதழின் தரம் ஓராண்டில் இருபத்து நான்கு மடங்கு ஏறிவிடவில்லை. படிக அமைப்பைக் கண்டறியப் பயன்படும் ஒரு கணினி நிரல்தொகுப்பைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் எழுதிய ஒரே கட்டுரையை ஆயிரக்கணக்கானோர் மேற்கோள் காட்டியதே காரணம். அந்த இதழில் எழுதிய மற்ற எல்லாரும் அந்த ஆண்டுகளில் ‘50 தாக்கக் காரணி உள்ள இதழில் எழுதியவர்’ ஆனார்கள்.

இதழை அளக்கும் எண்ணை ஆளுக்கு ஒட்டுவது தவறு என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் எச்-சுட்டெண் வந்தது. அது நேரடியாக ஆளையே அளந்ததால் பலருக்கு அது முன்னேற்றமாகத் தோன்றியது.

மேற்கோள் எதைக் காட்டுகிறது

ஒரு கட்டுரையைப் பிறர் குறிப்பிட்டார்கள் என்பதை மேற்கோள் காட்டுகிறது. ஏன் குறிப்பிட்டார்கள் என்பது எண்ணில் இருக்காது.

ஆலிவர் லோரி, புரதத்தின் அளவைக் கண்டறியும் ஆய்வக முறை ஒன்றைப் பற்றி 1951இல் சக ஆய்வாளர்களுடன் எழுதிய கட்டுரை, வரலாற்றிலேயே மிகுதியாக மேற்கோள் பெற்ற கட்டுரை எனப்படுகிறது. எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தாண்டியது. அது பெரிய அறிவியல் சாதனை அல்ல என்பது லோரிக்கே தெரிந்திருந்தது. ஆய்வகத்தில் அந்த முறையைக் கையாண்ட ஒவ்வொருவரும் கடமைக்குக் குறிப்பிட்டதால் எண் ஏறியது. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை அறிவித்த வாட்சன், கிரிக் ஆகியோரின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ, 2014இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்ட முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலில் இடம்பெறவே இல்லை. இரட்டைச் சுருள் பாடநூலில் ஏறிவிட்டது; பாடநூலில் ஏறியதற்கு யாரும் சான்று காட்டுவதில்லை. நியூட்டனின் விதியை எழுதும்போது நியூட்டனின் நூலை யாரும் அடிக்குறிப்பில் தருவதில்லை அல்லவா? ஒரு கருத்து முழு வெற்றி பெறும்போது அதன் மேற்கோள் வற்றிப்போவது உண்டு என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சுட்டிக்காட்டியுள்ளார்.

எதிர்த்துச் சொல்லும் மேற்கோளும் ஒரு மேற்கோள்தான். தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் 1998இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, 2010இல் இதழால் திரும்பப் பெறப்பட்டது. அதைக் குறிப்பிட்டு எழுதிய கட்டுரைகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை அதை மறுத்தவை. எண்ணும் பொறிக்கு மறுப்பும் பாராட்டும் ஒன்றே. ஷெப்பர்டின் சட்டச் சுட்டியில் இருந்த ‘ஏற்றது’, ‘மறுத்தது’ என்ற குறிகள் எச்-சுட்டெண்ணுக்கு வந்து சேரும்போது காணாமல் போய்விட்டன.

குறைவாக எழுதியவர்களின் நிலை இன்னும் தெளிவானது. ஹிக்ஸ் துகளை முன்கணித்த பீட்டர் ஹிக்ஸ், 1964ஆம் ஆண்டுக் கட்டுரைகளுக்குப் பிறகு வெளியிட்டவை பத்துக்கும் குறைவு எனப்படுகிறது. நோபல் பரிசு பெற்ற 2013ஆம் ஆண்டில் அளித்த நேர்காணல் ஒன்றில், இன்றைய முறையில் தனக்குப் பல்கலைக்கழக வேலை கிடைத்திருக்காது என்று அவரே கூறினார். அவருடைய துகளைச் சோதனையில் கண்டவர்களின் நிலை இதற்கு நேர் எதிர். 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி இரண்டு பெரும் ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5154 பேர். 33 பக்கக் கட்டுரையில் 24 பக்கங்கள் பெயர்களும் நிறுவனங்களுமே. அந்தக் கட்டுரைக்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேர் கணக்கிலும் முழுதாக ஒன்று என்றே வரவாகிறது.

துறைகளுக்கு இடையிலான வேறுபாடும் சிறிதல்ல. மருத்துவ ஆய்வில் ஒரு கட்டுரைக்கு நாற்பது, ஐம்பது சான்றுகள் தருவது வழக்கம். கணிதத்தில் சான்றுகள் குறைவு, கட்டுரை வெளிவருவதும் மெதுவாக. வரலாற்றிலும் இலக்கியத்திலும் ஆய்வின் பலன் பெரும்பாலும் நூலாக வருகிறது. ஒரு கணிதப் பேராசிரியரையும் ஒரு மருத்துவப் பேராசிரியரையும் ஒரே பட்டியலில் எச்-சுட்டெண்ணால் வரிசைப்படுத்துவது, நூறு மீட்டர் ஓட்டக்காரரையும் மலையேறுபவரையும் காலடிகளை எண்ணி ஒப்பிடுவது போன்றது.

பெயர்ச் சிக்கல்

தமிழர் பெயர்கள் இந்தக் கணக்கில் படும் பாடு தனியாகச் சொல்லத் தக்கது. மேற்கோள் தரவுத்தளங்கள் குடும்பப் பெயர், அதன்பின் முதலெழுத்து என்ற மேற்கத்திய அமைப்பை அடிப்படையாகக் கொண்டவை. தமிழரிடம் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமே உண்டு. கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிவாக எழுதப்படும்போது அதுவே குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. ஒரே ஆய்வாளர் சென்னையில் எழுதியபோது ஒரு பெயராகவும், வெளிநாட்டில் எழுதியபோது தன் தந்தையின் பெயராகவும் பதிவாகி, மேற்கோள்கள் இரண்டு கணக்குகளில் சிதறிவிடும். பெண்கள் திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்டால் மூன்றாவது கணக்கும் தொடங்கும்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. எஸ். சந்திரசேகர் என்று கையெழுத்திட்டவர்களில் இருவர் புகழ்பெற்ற இயற்பியலாளர்கள். சுப்பிரமணியன் சந்திரசேகர் வானியற்பியலாளர். 1983இல் நோபல் பரிசு பெற்றவர். சிவராமகிருஷ்ண சந்திரசேகர் திரவப் படிகங்களை ஆராய்ந்தவர். 1977இல் பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தில், தட்டு வடிவ மூலக்கூறுகளாலான புதுவகைத் திரவப் படிகத்தைத் தம் குழுவினருடன் கண்டறிந்தவர். இருவரும் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள். இருவருமே சர் சி. வி. இராமனுக்கு உடன்பிறந்தோரின் மக்கள். முதலெழுத்தையும் பெயரையும் மட்டும் கொண்டு தேடும் பொறி இவர்களை ஒருவராக்கிவிடும். முந்தையவரின் கணக்கிலேயே இன்னொரு பாடமும் உள்ளது: வெண்குறு விண்மீனின் உச்ச நிறையைச் சொன்ன 1931ஆம் ஆண்டுக் கட்டுரையைவிட, வாய்ப்பியல் முறைகளை விளக்கி அவர் 1943இல் எழுதிய மீள்பார்வைக் கட்டுரைக்கே மேற்கோள்கள் மிகுதி. அவர் பெயரை நிலைநிறுத்தியது முன்னது.

2012இல் தொடங்கப்பட்ட ‘ஆர்சிட்’ என்னும் 16 இலக்க அடையாள எண் பெயர்க் குழப்பத்தைப் பெருமளவு குறைக்கிறது. அதற்கு முன் எழுதியவர்களின் கணக்கை யாராவது உட்கார்ந்து கையால் பிரித்தால்தான் உண்டு. இவை தவிர, ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய மூன்றும் வெவ்வேறு இதழ்களையும் நூல்களையும் உள்ளடக்குவதால், ஒரே ஆளுக்கு மூன்றிலும் மூன்று எச்-சுட்டெண்கள் இருப்பது வழக்கம். எந்தத் தளத்தில் எடுத்தது என்று சொல்லாத எச்-சுட்டெண்ணுக்குப் பொருள் இல்லை.

எண்ணைப் பெருக்கும் வழிகள்

மேலே கண்ட எடுத்துக்காட்டுக்குத் திரும்பினால், ஆறாவது கட்டுரைக்கு 5 மேற்கோள்கள் இருந்தன. அந்த ஆய்வாளர் தம் அடுத்த கட்டுரையில் அந்த ஆறாவது கட்டுரையைத் தாமே ஒருமுறை குறிப்பிட்டால் போதும். எச்-சுட்டெண் 5இலிருந்து 6 ஆகிவிடும். எல்லாக் கட்டுரைகளையும் தூக்கிவிட வேண்டியதில்லை. விளிம்பில் நிற்பதை மட்டும் தள்ளிவிட்டால் போதும். தன் முந்தைய ஆய்வைக் குறிப்பிடுவது பல நேரங்களில் முறையானதே என்பதால் இதைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல.

பிரான்சின் கிரெனோபிள் நகரைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் சிரில் லபே, 2010இல் இதை ஒரு சோதனையாகவே செய்து காட்டினார். ஐக் ஆன்ட்கேர் என்று இல்லாத ஆய்வாளர் ஒருவரைப் படைத்தார். பொருளற்ற கட்டுரைகளைத் தானே எழுதித் தரும் நிரலைக் கொண்டு அவர் பெயரில் நூறு கட்டுரைகள் உருவாக்கி, ஒன்றையொன்று மேற்கோள் காட்டச் செய்து இணையத்தில் ஏற்றினார். கூகுள் ஸ்காலர் கணக்கில் ஆன்ட்கேரின் எச்-சுட்டெண் 94 ஆயிற்று. ஐன்ஸ்டைனுக்கு அங்கிருந்ததைவிட அது அதிகம்.

விளையாட்டாகச் செய்தது ஒருபுறம். பிரேசிலில் நடந்தது வேறு வகை. அங்கே முதுகலை ஆய்வுத் துறைகளை மதிப்பிடும் அரசு அமைப்பு, இதழ்களின் தாக்கக் காரணியைப் பெரிதும் சார்ந்திருந்தது. உள்நாட்டு மருத்துவ இதழ்களில் எழுதினால் மதிப்பெண் குறையும் என்பதால் ஆய்வாளர்கள் அவற்றைத் தவிர்த்தனர். இந்நிலையில் சில இதழ்களின் ஆசிரியர்கள், ஒருவர் இதழை மற்றவர் இதழில் மேற்கோள் காட்டிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தனர். 2013இல் இது வெளிப்பட்டு, நான்கு பிரேசில் இதழ்களின் தாக்கக் காரணி ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அவர்கள் செய்தது தவறு. ஆனால் தங்கள் நாட்டு இதழ் பிழைக்க வேண்டும் என்ற நெருக்கடியை அவர்களுக்கு உண்டாக்கியது அளவுகோல்தான் என்பதையும் மறுப்பதற்கில்லை. இதழாசிரியர்கள் சிலர், ‘எங்கள் இதழிலிருந்து சில மேற்கோள்களைச் சேர்த்தால் வெளியிடுவோம்’ என்று எழுத்தாளர்களை வற்புறுத்துவதையும், இளம் ஆய்வாளர்களே அதற்கு மிகுதியாக ஆளாவதையும் வில்ஹைட், ஃபாங் ஆகிய இருவர் 2012இல் ‘சயன்ஸ்’ இதழில் ஆவணப்படுத்தியுள்ளனர்.

ஹிர்ஷே பின்னாளில் மனம் மாறினார். மீக்கடத்துமை பற்றி அத்துறையில் பெரும்பான்மையோர் ஏற்ற கோட்பாட்டை அவர் நெடுங்காலமாக மறுத்து வருபவர். பெரும்பான்மைக்கு எதிராக எழுதுபவர்களின் கட்டுரைகளை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அவற்றை வெளியிட இதழ்களும் தயங்குகின்றன. தாம் படைத்த அளவு மோசமாகத் தவறக்கூடும் என்றும், தாம் எண்ணாத தீய விளைவுகளைத் தரக்கூடும் என்றும் 2020இல் அவர் வெளிப்படையாக எழுதினார்.

இந்தியாவில்

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, நூலுக்கு இத்தனை புள்ளி என்று கணக்கிடப்பட்டது. பின்னர் வந்த விதிகளில் இதழின் தாக்கக் காரணி உயர உயரப் புள்ளியும் உயர்ந்தது. கேட்பவர் இருந்தால் விற்பவரும் வருவர். பணம் வாங்கிக்கொண்டு சில நாள்களில் வெளியிடும் இதழ்களும், அந்த இதழ்களுக்குப் போலித் தாக்கக் காரணி வழங்கும் நிறுவனங்களும் பெருகின. மானியக் குழு ஏற்ற இதழ்ப் பட்டியலில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த 1009 இதழ்களை ஆராய்ந்து 2018இல் ‘கரன்ட் சயன்ஸ்’ வெளியிட்ட ஆய்வு, அவற்றில் 88 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தரமற்றவையாக இருக்கலாம் என்றது. அதே ஆண்டு மே மாதம் 4305 இதழ்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2019இல் ‘கேர்’ பட்டியல் வந்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தருவதற்கு முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022ஆம் ஆண்டு விதிகள் கைவிட்டன. 2025 பிப்ரவரியில் ‘கேர்’ பட்டியலும் கைவிடப்பட்டு, இதழ்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அந்தந்த நிறுவனங்களிடம் விடப்பட்டது.

ஆண்டுதோறும் தமிழ் நாளிதழ்களில் ‘உலகின் தலைசிறந்த 2 விழுக்காடு விஞ்ஞானிகள்’ பட்டியலில் இடம்பெற்ற பேராசிரியர்களைப் பற்றிய செய்தி வருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸும் உடனாய்வாளர்களும் ஸ்கோப்பஸ் தரவைக் கொண்டு தயாரிக்கும் பட்டியல் அது. எச்-சுட்டெண், கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கேற்பத் திருத்திய சுட்டெண், முதலாசிரியர், இறுதியாசிரியர் என்ற இடங்கள் முதலியவற்றைச் சேர்த்து அதில் மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. தன்-மேற்கோள் எவ்வளவு என்பதும் தனிப் பத்தியில் தரப்படுகிறது. செய்தியில் அந்தப் பத்தி வருவதே இல்லை. பட்டியலைத் திறந்து பார்க்கும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

எண்ணுக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. அதை எளிதில் தள்ள முடியாது. எண் இல்லையென்றால் அந்த இடத்தில் சிபாரிசும் சாதியும் பணமும் வந்து உட்கார்ந்துவிடும் என்பதே அது. சிற்றூர்க் கல்லூரியில் படித்து, யாருடைய பரிந்துரையும் இல்லாமல் நேர்காணலுக்கு வரும் ஒருவருக்கு, ‘எனக்கு இத்தனை கட்டுரைகள், இத்தனை மேற்கோள்கள்’ என்று காட்டுவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். இந்த அச்சம் பொய்யானதல்ல. ஆனால் அந்த எண்ணையே விலைக்கு வாங்க முடிகிறபோது அது ஏழை விண்ணப்பதாரருக்கு எப்படிக் காவலாகும்? கட்டணம் கட்டி வெளியிட வசதி உள்ளவருக்கும், பெரிய ஆய்வகத்தில் பத்துப் பேரோடு பெயர் சேர்த்துக்கொள்ள வாய்ப்புள்ளவருக்குமே அது முதலில் உதவும்.

2012 டிசம்பரில் உருவாகி 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ அறிவிப்பும், 2015இல் வெளியான லைடன் அறிக்கையும் அளவுகளைத் துறை வல்லுநரின் மதிப்பீட்டுக்குத் துணையாக மட்டும் கொள்ள வேண்டும் என்கின்றன. ஜெர்மன் ஆய்வு அறக்கட்டளை 2010இல் எடுத்த முடிவு இதைவிட நடைமுறைக்கு எளியது: நிதிக்கு விண்ணப்பிப்பவர் தம் தகுதிக்குச் சான்றாக ஐந்து வெளியீடுகளை மட்டுமே காட்டலாம் என்று வரையறுத்தது. ஐம்பது கட்டுரைகளை யாரும் படிக்க மாட்டார்கள், ஐந்தைப் படிக்கலாம். தேர்வுக் குழு அந்த ஐந்தைப் படித்து, ஒவ்வொன்றிலும் கண்டது என்ன என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று வைத்தால், சிபாரிசுக்கும் அது தடையாகும். எழுதிய கருத்தைப் பின்னால் யாரும் எடுத்துப் படித்துக் கேள்வி கேட்கலாம் அல்லவா?

தமிழியல் ஆய்வில்

தமிழில் எழுதும் ஆய்வாளருக்கு எச்-சுட்டெண் பெரும்பாலும் சுழியம். அவர் எழுதியவற்றை யாரும் படிக்கவில்லை என்பதல்ல பொருள். ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் இரண்டிலும் ஆங்கில இதழ்களே பெரும்பான்மை. கூகுள் ஸ்காலர் தமிழ்க் கட்டுரைகள் சிலவற்றைக் காட்டினாலும், அச்சில் மட்டும் வந்த நூல்களின் அடிக்குறிப்புகளை அது எண்ண முடியாது. தமிழ்த் துறையில் பட்டம் முடித்த ஒருவரிடம் ஸ்கோப்பஸ் கட்டுரை கேட்கும்போது, அவர் தம் ஊர்க் கல்வெட்டைப் பற்றித் தமிழில் எழுதுவதை விட்டு, அரைகுறை ஆங்கிலத்தில் வேறு எதையோ எழுதும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். கல்வெட்டு அங்கேயே கிடக்கிறது.

தமிழியலில் பயன்பாட்டுக்கும் மேற்கோளுக்கும் இடையே இன்னொரு இடைவெளியும் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். சுவடிகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடு குறித்து, அரும்பத அகராதி சேர்த்து அவர் தந்த பாடத்தின் மீதுதான் பின்வந்த ஆய்வுகள் பல நிற்கின்றன. ஆனால் ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் பல நேரங்களில் ‘புறம். 192’ என்று பாட்டெண் மட்டுமே இருக்கும். எந்தப் பதிப்பு என்று இருக்காது. பரோவும் எமெனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் இவ்வாறே பலமுறை பதிவெண்ணால் மட்டும் சுட்டப்படுகிறது. பதிப்பாசிரியர், அகராதித் தொகுப்பாளர், கல்வெட்டைப் படியெடுத்தவர், சுவடியைப் பெயர்த்தெழுதியவர் ஆகியோரின் உழைப்பு எந்தச் சுட்டெண்ணிலும் ஏறாமல் போவதற்கு வெளிநாட்டுத் தரவுத்தளம் மட்டும் காரணம் அல்ல. தமிழ் ஆய்வேடுகளின் சான்றுப் பட்டியல்களில் பதிப்பாசிரியர் பெயரையும் பதிப்பாண்டையும் எழுதுவதை எந்தத் துறையும் இன்றே கட்டாயமாக்கலாம். அதற்கு மானியக் குழுவின் ஆணை தேவையில்லை.